முயல் வேட்டையும் காற்றுத் துப்பாக்கியும்: ஃபிக்ஹு நோக்கில் ஒரு விளக்கம்

நம்மிடம் ஓதிச் சென்று, இன்று இங்கிலாந்தின் கிராமப்புறமொன்றில் குடும்பத்துடன் வசித்துவரும் சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை எழுதியனுப்பியிருந்தார். அவர் வீட்டை அடுத்துள்ள பண்ணையில் முயல்கள் பெருகிப் பயிரை அழிக்கின்றன. பண்ணையின் உரிமையாளர் அவற்றைச் சுட அனுமதியளித்திருக்கிறார். "முயலுக்கு வேதனை இல்லாதபடி கொல்லவேண்டும், அதன் இறைச்சியை என் பிள்ளைகளுக்கு ஹலாலாகக் கொடுக்கவும் வேண்டும். இதற்கு எந்தக் காற்றுத் துப்பாக்கி ஏற்றது?" என்பது அவர் கேட்டது.

ஒரே வினாவாக அவர் எண்ணியது உண்மையில் இரண்டு வினாக்களாகும். வேதனையின்றிக் கொல்வது ஒன்று. ஹலாலாக உண்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே திசையில் செல்லும் என்றுதான் எவரும் நினைப்பர். காற்றுத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அவை எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொண்டாலன்றி, கடையில் எந்தத் துப்பாக்கியைக் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முயல் உண்ணத்தக்க பிராணி என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை. மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் முயலொன்றைத் துரத்திப் பிடித்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதை அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பிவைக்க, அண்ணலார் அதை ஏற்றுக்கொண்டார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கூட்டத்தார் ஓடிக் களைத்துப்போக, அனஸ் (ரலி) அவர்கள் உயிருடன் பிடித்து, பின்னர் கத்தியால் அறுக்கப்பட்ட முயல் அது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இது தேவைப்படும்.

இடையே ஒரு சொற்குறிப்பு. அரபியில் 'அர்னப்' என்றாலும் தமிழில் 'முயல்' என்றாலும் இரண்டு வகைப் பிராணிகளை ஒருசேரக் குறிக்கும். அரபு நாட்டிலும் நம் காடுகளிலும் இருப்பது வளை தோண்டாமல் புதரிலும் தரையிலும் வாழும் காட்டு முயல். இங்கிலாந்தில் பயிரை அழிப்பது, ஸ்பெயின், போர்ச்சுக்கல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு பிறகு அங்கே கொண்டுசெல்லப்பட்ட, வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம். ஃபிக்ஹின் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் வேட்டையின் தன்மை வேறு. அடிபட்ட வளைமுயல் கண்ணிமைக்கும் நேரத்தில் வளைக்குள் பாய்ந்துவிடும். அங்கே அது எத்தனை நாழிகை துடித்துச் செத்தது என்பதை வேட்டைக்காரன் அறியமாட்டான்.

இனி வேதனையைக் குறைப்பது பற்றி. எல்லாக் காரியங்களிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், கொல்வதானாலும் அறுப்பதானாலும் அதைச் செம்மையாகச் செய்து, கத்தியைத் தீட்டி, பிராணிக்கு ஆறுதல் அளிக்கவேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவுசெய்துள்ளார்கள். அறுப்பதோடு கொல்வதும் தனியே குறிப்பிடப்பட்டிருப்பதால், உண்ணுவதற்கன்றித் தீங்கை அகற்றுவதற்காகக் கொல்லப்படும் பிராணிக்கும் இந்த உரிமை உண்டு.

காற்றுத் துப்பாக்கியால் இவ்வுரிமையை நிறைவேற்ற முடியுமா? முடியும், ஆனால் மிகக் குறுகிய எல்லைக்குள். இங்கிலாந்தில் தனிச் சான்றிதழ் இன்றி வைத்துக்கொள்ளத்தக்க காற்று ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இதற்கும் சான்றிதழ் தேவை. வெடிமருந்துத் தோட்டாக்களில் மிகச் சிறியதாகக் கருதப்படும் .22 தோட்டாவின் ஆற்றலுடன் ஒப்பிட்டாலும் இது அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பெரிய துப்பாக்கியின் தோட்டா பிராணியின் உடலில் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கிச் சாய்த்துவிடும். காற்றுத் துப்பாக்கியின் குண்டுக்கு அந்தச் சக்தி இல்லை. அது முயலை உடனே கொல்லவேண்டுமானால் மூளையைத் துளைத்தாகவேண்டும். கண்ணுக்கும் காதின் அடிப்பகுதிக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ இரண்டரை செ.மீ. விட்டமுள்ள இடமே இலக்கு. வயிற்றிலோ தொடையிலோ பட்டால் முயல் வளைக்குள் ஓடிவிடும்.

ஆகவே துப்பாக்கியைத் தேர்வதில் 'எது அதிகப் பலம் வாய்ந்தது' என்று கேட்பது பயனற்றது. சட்டம் எல்லாவற்றையும் ஒரே பலத்தில் நிறுத்திவிட்டது. எதைக் கொண்டு அந்தச் சிறு வட்டத்தைத் தவறாமல் தொட முடியும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. குழாயின் உள்விட்டத்தில் வழக்கிலுள்ளவை இரண்டு: 4.5 மி.மீ. (.177), 5.5 மி.மீ. (.22). சிறிய குண்டு அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுடன் வினாடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் வேகத்தில் செல்லும். பெரியது ஒரு கிராம் எடையுடன் சுமார் 174 மீட்டர் வேகத்தில் செல்லும். ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே. சிறியதன் பாதை தட்டையாக இருப்பதால் தூரத்தைக் கணிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் குறி அதிகம் விலகாது. பெரியது வளைந்து சென்று சற்று அகலமான காயத்தை உண்டாக்கும். முயலுக்குப் பெரியதே ஏற்றது என்று பழைய வேட்டைக்காரர்கள் சாதிப்பதுண்டு. தலையை மட்டுமே குறிவைப்பவருக்கு, அதிலும் புதியவருக்கு, சிறியதே நல்லதென்று நமக்குத் தோன்றுகிறது.

இயங்குமுறையிலும் வேறுபாடு உண்டு. சுருள்வில்லால் இயங்குவது விலை குறைந்தது, பராமரிப்பும் எளிது. ஆனால் வில் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் குலுங்கும். அதைப் பிடிக்கும் பக்குவம் கைவர மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். சிறு உருளையில் முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் இயங்குவதில் குலுக்கம் இல்லையென்றே சொல்லலாம். விலை அதிகமானாலும், ஓர் உயிரின் வேதனை சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த விலை வீண்செலவாகாது. கரியமில வாயுக் குப்பியால் இயங்குபவை குளிரில் வலுவிழப்பதால் இதற்கு ஏற்றவையல்ல. எதை வாங்கினாலும், தாம் சுட எண்ணும் தூரத்தில் நாணய அளவு வட்டத்துக்குள் பத்துக்குப் பத்தும் காகிதத்தில் பதியும்வரை உயிருள்ள எதன்மீதும் குறிவைக்கலாகாது. பத்தும் பதியும் தூரம் எதுவோ அதுவே அவருக்குரிய எல்லை. பெரும்பாலோருக்கு அது 30 மீட்டரைத் தாண்டாது. பயிற்சிக்காக உயிர்ப்பிராணியை இலக்காக நிறுத்துவது, நபி (ஸல்) அவர்கள் சபித்த செயல் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் குறைஷி இளைஞர்களுக்கு எச்சரித்த வரலாறு நாம் அறிந்ததே.

இதுவரை சொன்னவற்றைச் செவ்வனே செய்து, ஒரு சகோதரர் முயலின் மூளையைத் துளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது விழுந்த இடத்திலேயே இறந்துவிட்டது. வேதனை இல்லை. இப்போது அது ஹலாலா?

'அடிபட்டுச் செத்தது' என்று பொருள்படும் 'மவ்கூதா'வை அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் தடைசெய்கிறது. அதன் அளவுகோலை அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களின் ஹதீஸ் தருகிறது. இறகில்லாத, நடுப்பகுதி கனத்த 'மிஃராள்' என்னும் அம்பைப் பற்றி அவர் வினவியபோது, அது கூர்முனையால் துளைத்திருந்தால் உண்ணலாம், பக்கவாட்டில் பட்டுக் கொன்றிருந்தால் அது மவ்கூதாவே என்று அண்ணலார் விளக்கினார்கள். கொன்றது கூர்மையா, கனமா? இதுவே கேள்வி.

அக்காலத்தில் இதற்கு நேரடி உதாரணமாக விளங்கியது 'புன்துக்'. களிமண்ணை உருட்டிக் காயவைத்த உண்டையை ஒருவகை வில்லில் வைத்து எய்வது. தமிழில் இதற்கு 'உண்டைவில்' என்று பழம்பெயரே உண்டு. அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் (ஆட்சி 1180-1225) இதை அரசவை வீரவிளையாட்டாகவே வளர்த்தார். புன்துக் என்பது ஒருவகைக் கொட்டையின் பெயர். உருண்டை வடிவத்தால் உண்டைக்கு வந்தது. பின்னாளில் துப்பாக்கிக்கு 'புன்துகிய்யா' என்ற பெயர் வந்ததையும் பலர் இதனோடு இணைப்பர். இந்த உண்டையால் கொல்லப்பட்டது மவ்கூதா என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளார்கள். பெரும்பான்மை இமாம்களின் நிலைப்பாடும் அதுவே.

வெடிமருந்துத் துப்பாக்கி வந்தபோது இப்பிரச்சினை புதிதாக எழுந்தது. ஹனஃபீகளில் இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு ஹி.1252/1836) ஈயக்குண்டு எரிப்பதாலும், வேகமாக உந்தப்பட்ட கனத்தாலுமே காயப்படுத்துகிறது, அதற்கு வெட்டும் விளிம்பு இல்லை, எனவே அது கொன்றது ஆகாது என்றார், இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களின் ஃபத்வாவும் அவ்வாறே என எழுதினார். இதற்கு மாறாக, யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ (ரஹ், மறைவு ஹி.1250/1834) தம் தஃப்ஸீரில், இக்குண்டு உடலைத் துளைத்துப் பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறுவதால் ஹதீஸ் கூறும் 'துளைத்தல்' நிறைவேறுகிறது, ஆகவே அறுக்க வாய்ப்பின்றி இறந்தாலும் ஹலால் என்றார். ஃபாஸ் நகரத்து அப்துல் காதிர் அல்ஃபாஸீ (ரஹ்) முதலிய பிற்கால மாலிகீ அறிஞர்களும் ஆகுமென்றே கூறினர். நம் காலத்தில் யூஸுஃப் அல்கர்ளாவீ போன்றோர் இக்கருத்தையே மேற்கொண்டனர்.

தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை என்ன? நம் அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' இதைத் தெளிவாகவே பேசுகிறது. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், இரும்பாலாகி நெருப்பால் எய்யப்படும் குண்டைக் கொண்டு வேட்டைப் பிராணியைச் சுடுவது ஹராம் என்கிறார்கள். அது எரிப்பது, பெரும்பாலும் விரைவாக உயிரைப் போக்குவது என்று காரணமும் கூறுகிறார்கள். தேர்ந்தவர் ஒருவர், பெரிய பறவையின் இறக்கை போன்ற இடத்தில் மட்டும் பட்டு அதை ஓடாமல் நிறுத்தும் என்று அறிந்தால் கூடுமென்பதற்கு இடமுண்டு என்னும் தம் ஆசிரியர் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் கருத்தையும் சேர்க்கிறார்கள். களிமண் உண்டையை எய்வது, ஏற்கத்தக்க சொல்லின்படி ஆகும் என்பதும் அங்கேயே உள்ளது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஆகுமென்றும், இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஆகாதென்றும் ஃபத்வா வழங்கியதும் இந்த மண் உண்டை பற்றியதே.

ஓதும் நாளில் நாம் வேகமாகக் கடந்துவந்த வரி இது. பாடம் நடத்தும்போதும் இதில் அதிக நேரம் நின்றதில்லை. இக்கேள்வி வந்த பிறகு மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் அதன் ஆழம் விளங்கியது. 'விரைவாக உயிரைப் போக்குவது' என்பது தடைக்கான காரணமாகக் கூறப்படுகிறது. இன்றைய மனிதாபிமான வேட்டையின் தலையாய குறிக்கோளோ விரைவாக உயிரைப் போக்குவதே! நம் இமாம்கள் பிராணி மெல்லச் சாவதை விரும்பினார்களா? அல்லாஹ் காப்பானாக. மண் உண்டை பறவையை வீழ்த்தும், கொல்லாது, வேட்டைக்காரன் ஓடிச்சென்று அறுப்பான், உணவு ஹலாலாகும். துப்பாக்கிக்குண்டோ கத்தி வருமுன்னே பிராணியைச் செத்ததாக ஆக்கிவிடும். உண்ணத்தக்க ஒன்று வீணாகும். அவர்கள் அஞ்சியது இந்த வீணழிவையே என்று நாம் விளங்குகிறோம். உண்ணும் நோக்கமின்றிச் சிட்டுக்குருவியைக்கூடக் கொல்லலாகாது என்ற நபிமொழியின் கவலையும் இதுவேயாகும்.

காற்றுத் துப்பாக்கி இவ்விரண்டில் எதன் இனம்? அதில் நெருப்பு இல்லை. எனவே 'எரிப்பது' என்ற காரணம் விழுந்துவிடுகிறது. ஆனால் ஈயத்துக்கு வெட்டும் விளிம்பு இல்லை. கனமும் வேகமும்தான் வேலை செய்கின்றன. இப்னு ஆபிதீன் (ரஹ்) கூறிய இரு காரணங்களில் ஒன்று போனாலும் மற்றது நிற்கிறது. கூர்முனை வைத்த குண்டுகளும் கடையில் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். அந்த முனையும் மெல்லிய ஈயம்தான். எலும்பில் பட்டதும் மழுங்கிவிடும். உருண்டை முனை கொண்டவையே குறி தவறாமல் செல்பவை என்பது சுடுவோரின் அனுபவம். பெயரளவிலான கூர்மைக்காகக் குறியை இழப்பது முயலுக்குச் செய்யும் அநீதி. ஷவ்கானீ (ரஹ்) அவர்களின் வாதமும் இங்கே முழுமையாகப் பொருந்துமா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. அவர் கண்ட குண்டு ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறுவது. காற்றுத் துப்பாக்கியின் குண்டு பல வேளைகளில் தலைக்குள்ளேயே தங்கிவிடும். நுழைவதே போதும் என்று அவரைப் பின்பற்றுவோர் கூறக்கூடும், அதை மறுப்பதற்கில்லை.

சுட்டவுடன் ஓடிச்சென்று அறுத்துவிட்டால் என்ன என்று சகோதரர் ஒரு துணைக்கேள்வியும் எழுப்பியிருந்தார். மூளை சிதைந்த முயல் சிறிதுநேரம் கால்களை உதைக்கும். பார்ப்பவருக்கு உயிர் இருப்பதுபோல் தோன்றும். ஷாஃபிஈ மத்ஹபில், ஹராமான காரணத்தால் அடிபட்ட பிராணியில் அறுக்கும் வேளையில் 'ஹயாத் முஸ்தகிர்ரா', அதாவது பார்வையும் தன்னிச்சையான அசைவும் உள்ள நிலைத்த உயிர் இருக்கவேண்டும். மூளையை இழந்த பிராணியின் உதைப்பு தன்னிச்சையானதன்று. எனவே அந்த அறுப்பு பயன்தராது. ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய சொல்லின்படி, எவ்வளவு சொற்பமானாலும் உயிர் இருந்தால் போதும். ஆகவே அவர்களுக்குச் சிறிது இடமுண்டு. ஆனால் முப்பது மீட்டர் ஓடிச்சென்று, உயிர் இருந்ததா போய்விட்டதா என்ற ஐயத்துடன் அறுத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வருமா? எய்த பிராணி தண்ணீரில் விழுந்து இறந்துகிடந்தால், கொன்றது அம்பா நீரா என்று தெரியாத நிலையில் உண்ணவேண்டாம் என்று அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது இத்தகைய ஐயத்தின் காரணமாகவே.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு; அதை நாம் வன்மையாக மறுக்கிறோம். தலையை விட்டுவிட்டு வேண்டுமென்றே காலில் சுட்டு, முயலை நிறுத்தி, உயிருடன் பிடித்து அறுப்பது. எழுத்தளவில் இது இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் கூறிய இறக்கையை ஒத்ததுபோல் தோன்றும். அவர்கள் இடமளித்தது பெரிய பறவைக்கும் தேர்ந்தவருக்குமே. எலும்பு முறிந்த முயல் வளைக்குள் புகுந்துவிடும். ஷத்தாத் (ரலி) அவர்களின் ஹதீஸை மீறி ஹலாலைத் தேடுவது முறையாகாது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டு விலங்குகளை வேண்டுமென்றே வதைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது.

ஆக, சகோதரருக்கு நாம் எழுதிய பதில் இது: பயிரைக் காப்பதே நோக்கமென்றால், மேலே சொன்ன நிபந்தனைகளுடன் தலையில் சுடலாம்; தீங்கை அகற்றுவது அனுமதிக்கப்பட்ட தேவை. அங்கே நிலத்தைப் பயிரிடுவோருக்கு முயலை அகற்றும் உரிமையை 1880ஆம் ஆண்டுச் சட்டமே அளித்துள்ளது. அவ்விறைச்சியை உண்ண வேண்டாம். குட்டிகளுக்குப் பாலூட்டும் காலமான தை, மாசி தொடங்கி ஆவணி வரை, தவிர்க்க முடிந்தவரை தவிர்க்கவும். வளைமுயலின் குட்டி கண் திறவாமல், ரோமமின்றிப் பிறப்பது. தாய் போனால் மண்ணுக்குள் பட்டினியால் சாகும். குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த சிறு பறவைக்காக அண்ணலார் கவலையுற்று, அவற்றைத் திருப்பித் தரச்செய்த செய்தி அபூதாவூதில் உள்ளது.

உண்பதே நோக்கமென்றால் துப்பாக்கியே வேண்டாம். அந்நாட்டுக் கிராமத்தார் நெடுங்காலமாகக் கையாளும் முறையொன்று இருக்கிறது. வளையின் வாய்கள் ஒவ்வொன்றிலும் சுருக்குப்பை போன்ற சிறு வலையை விரித்து, ஃபெரெட் எனப்படும், கீரியை ஒத்த வளர்ப்புப் பிராணியை உள்ளே விடுவார்கள். அஞ்சி வெளியே பாயும் முயல் காயமின்றி வலையில் சிக்கும். முன்னரே தீட்டிய கத்தியால், பிஸ்மி கூறி, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபடும்படி உடனே அறுத்துவிடலாம். மர்ருள் ளஹ்ரானில் துரத்திப் பிடிக்கப்பட்ட முயலும் இவ்வாறே உயிருடன் கைக்கு வந்து, கத்தியால் அறுக்கப்பட்டது.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இங்கே காட்டு முயலை எந்தக் கருவியால் வேட்டையாடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். எனவே இக்கட்டுரையை யாரும் அனுமதியாகக் கொள்ளலாகாது. முயல் இறைச்சி வேண்டுவோர்க்கு வளர்ப்பு முயல் கிடைக்கிறது.

சகோதரர் மறுமடலில் ஒன்று கேட்டிருக்கிறார்: ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கடித்துக் கொன்றுவிட்டால்? அல்மாயிதாவின் நான்காம் வசனம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்ததை ஆகுமாக்குகிறது. ஆனால் ஏவினால் செல்வதும், தடுத்தால் நிற்பதும், பிடித்ததைத் தான் தின்னாமல் எசமானுக்காக வைத்திருப்பதும் பயிற்சியின் அடையாளங்கள் என்று ஃபுகஹாக்கள் வகுத்துள்ளனர். வளைக்குள் கொன்றதைத் தின்றுவிட்டு அங்கேயே உறங்கிவிடுவது ஃபெரெட்டின் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வாறானதை உண்ணக்கூடாது என்று பதில் எழுதியுள்ளோம்.